முதலில் கைக்கு, அப்புறம் வாய்க்கு: வீட்டுக் காப்பகத்தில் பக்கத்து வயலின் காய்

முதல் தடவை எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் செய்தேன். பக்கத்தில் காய் விளைவிக்கும் ஒருவரிடம் போய், கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். எண்ணிப் பார்த்தால் ஒன்பது வகை. அன்று மதியமே வேகவைத்துத் தட்டில் வைத்து, இது பக்கத்து வயலில் விளைந்தது என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். என் வீட்டில் நான் பார்த்துக்கொள்ளும் ஆறு குழந்தைகளில் ஐந்து பேர் தொடவே இல்லை. ஆறாவது பெண் தன் பங்கு பீன்ஸை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் இருந்தவன் தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டாள்.

காயில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் அதைக் கையில் பிடித்ததில்லை, முகர்ந்ததில்லை, செடியில் எப்படித் தொங்கும் என்று பார்த்ததில்லை. திடீரென்று வெந்து குழைந்து தட்டில் வந்து உட்கார்ந்த ஒன்றை எந்த நம்பிக்கையில் வாயில் போடுவார்கள்? இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டு ஒதுங்கும் குணம் குழந்தைகளிடம் தூக்கலாக இருக்கும். நாம் அதை அடம் என்கிறோம். பாதிக்கு மேல் அது தயக்கம்தான்.

வீட்டிலேயே நாலைந்து அல்லது ஏழெட்டுக் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டம் இருக்க வேண்டியதில்லை. சமையலறை சின்னதாக இருந்தாலும் சரி. உதவிக்கு இன்னொரு ஆள் இல்லாவிட்டாலும் செய்யலாம். நானும் தனியாகத்தான் செய்கிறேன்.

ஒரே ஒரு காயில் தொடங்குங்கள்

ஒரு மாதத்துக்கு ஒரு காய். அவ்வளவுதான். உங்கள் பக்கத்தில் இப்போது எது அதிகமாக விளைகிறதோ, அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பருவத்தில் விளையும்போது அது மலிவாகவும் இருக்கும், ருசியாகவும் இருக்கும், விளைவிப்பவரும் தாராளமாகக் கொடுப்பார்.

தேர்ந்தெடுக்கும்போது நான் மூன்று விஷயம் பார்ப்பேன். பிஞ்சுக் கையால் ஏதாவது செய்ய முடிகிற காயாக இருக்க வேண்டும்: உடைக்க, உரிக்க, கிள்ள, கழுவ. இரண்டாவது, பச்சைக்கும் வேகவைத்ததற்கும் நிறமோ பதமோ மாற வேண்டும். அந்த மாற்றத்தைப் பார்ப்பதே பெரிய வேடிக்கை. மூன்றாவது, ஒரு தொட்டியிலாவது அதை வளர்த்துக் காட்ட முடிய வேண்டும். பீன்ஸ், முள்ளங்கி, கேரட், தக்காளி, கீரை எல்லாம் இதில் தேறும். முட்டைக்கோஸ் தேறாது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு முழுக் கோஸை இலை இலையாகப் பிரிப்பதற்கு இரண்டு வயதுக்காரர்கள் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததைப் பார்த்தபின் மனம் மாறிவிட்டது.

பக்கத்தில் விளைந்த காயில் இன்னொரு நன்மை உண்டு. மக்காச்சோளத்தையும் பச்சைப் பட்டாணியையும் பறித்த உடனேயே அவற்றின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். அன்று காலையில் பறித்ததற்கும் நாலு நாள் வண்டியில் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரியவர்கள் பொருட்படுத்த மாட்டோம். கசப்பைக் கண்டு விலகி இனிப்பைத் தேடும் குழந்தை நாக்குக்கு அது பெரிய வித்தியாசம்.

விளைவிப்பவரை ஒரு ஆளாக அறிமுகப்படுத்துங்கள்

சந்தையோ, வாராவாரம் கூடை போடுபவரோ, நாலு தெரு தள்ளிக் கொல்லையில் போட்டிருப்பவரோ, யாராக இருந்தாலும் ஒரே ஆளிடம் தொடர்ந்து போங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், நான் இத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன், வாரம் இவ்வளவுதான் எடுப்பேன், ஆனால் விடாமல் எடுப்பேன் என்று சொல்லுங்கள். ஆறு குட்டி வயிற்றுக்கு அரைக் கிலோ காய் தாராளம். அளவு குறைவு என்று கூச்சப்பட வேண்டாம். நிச்சயமாக வருகிற சின்ன வியாபாரத்தை யாரும் வேண்டாம் என்பதில்லை.

கேட்க வேண்டியவை சில: அடுத்த இரண்டு வாரத்தில் என்ன வரும்? எப்போது பறித்தது? மருந்து அடித்தீர்களா, கடைசியாக எப்போது? எந்தத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள்? மக்காத எரு போடுகிற வழக்கம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மக்காத சாணத்தில் நோய்க்கிருமி இருக்கும். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் காயாக இருந்தால் எரு போட்டதற்கும் பறிப்பதற்கும் நடுவில் 120 நாளாவது இருக்க வேண்டும், மண்ணில் படாத காய்க்கு 90 நாள் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் உள்ள கணக்கு. நன்றாக மக்கிய எரு என்றால் இந்தக் கவலை இல்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: இலையோடும் வேரோடும் கொடுங்கள். தழையோடு வரும் கேரட், வேர் நீண்ட கீரைக் கட்டு, காம்போடு தக்காளி. கடையில் சுத்தம் செய்து அடுக்கியதில் இதெல்லாம் கிடைக்காது. கேரட்டின் தழையைக் குழந்தைகள் பார்த்து முடித்ததும் வெட்டிவிடுங்கள். வைத்திருந்தால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மறுநாளே துவண்டுவிடும். வடிவம் கெட்ட காயையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு கால் முளைத்த கேரட் என் வீட்டில் மூன்று நாள் பொம்மையாக இருந்தது. விலையும் குறைவு.

அவர் சம்மதித்தால், நிலத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து, அச்சிட்டுக் குழந்தைகள் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். கூடை வரும்போதெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினால் போதும். கொஞ்ச நாளில் அவர்களே "அந்த மாமா காய்" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் உண்டு. உங்கள் காப்பகத்துக்கு உரிமம் இருந்தால், வீட்டில் விளைந்ததையும் நேரடியாக வாங்கியதையும் குழந்தைகளுக்குப் பரிமாற ஏதாவது நிபந்தனை உண்டா என்று உரிமம் தரும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ரசீது கேட்பார்கள் என்றால் முதல் நாளிலிருந்தே எழுதி வாங்கி வையுங்கள். யாராவது அன்பாக வீட்டிலேயே காய் பதப்படுத்தி அடைத்த புட்டி கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். புளிப்பில்லாத காயைச் சரியான சூட்டில் அடைக்காவிட்டால் அதில் உருவாகும் நஞ்சு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது.

ஒரு தொட்டி, அதற்குமேல் வேண்டாம்

ஒரு செடியையாவது விதையிலிருந்து பார்க்கட்டும். காய் முழுவதையும் நாம் விளைவிக்கப் போவதில்லை, எனவே மகசூலை நினைக்க வேண்டாம்.

பொறுமை குறைந்த கூட்டத்துக்கு முள்ளங்கிதான் சரி. சிறிய உருண்டை வகை 25 முதல் 30 நாளில் பிடுங்கத் தயாராகிவிடும். கேரட்டுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்; மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டு மாதம் என்பது முடிவே இல்லாத காலம். பீன்ஸ் முளைப்பதுதான் பார்க்க அழகு. ஒரு கண்ணாடிக் குவளையின் உட்புறம் ஈரக் காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதையைச் செருகி வைத்தால், மண்ணுக்கு அடியில் நடப்பது வெளியில் தெரியும். சில நாளில் வேர் எட்டிப் பார்க்கும். குவளை மேசை விளிம்பில் வேண்டாம், கைக்கு எட்டாத ஜன்னலில் இருக்கட்டும்.

தொட்டியில் தண்ணீர் வடிய ஓட்டை, ஒரு சாண் ஆழம், நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் இருந்தால் போதும். குழந்தைகளின் பெயரைத் தொட்டியில் எழுதாதீர்கள். ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு பெயர்ச் சீட்டு என்று நான் ஒருமுறை ஆசையாகச் செய்தேன். ஒருவன் விதை மட்டும் முளைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவனைச் சமாதானப்படுத்தவே சரியாக இருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே தொட்டி, அதில் தேவைக்கு இரண்டு மடங்கு விதை. ஒரு வாரம் கழித்துக் கண்ணில் படாத இடத்தில் இன்னொரு தொட்டியில் அதே விதையைப் போட்டு வையுங்கள். முதல் தொட்டியைப் பூனை கிளறினாலோ, நாலு வயது விவசாயி ஒருவர் வெள்ளம் வரும்வரை தண்ணீர் ஊற்றினாலோ கைகொடுக்கும்.

இந்த விஷயத்தில் சில எச்சரிக்கைகளை மறக்கக் கூடாது. பழைய வீடுகளின் சுவரோரத்து மண்ணில், உதிர்ந்த பெயின்டிலிருந்து ஈயம் கலந்திருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அந்த மண்ணைத் தொடாமல் தொட்டியில் வேறு மண் போட்டு வளருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் பூசிய விதை மருந்து கலந்தது, குழந்தைகள் கையில் படக் கூடாது. வேகவைக்காத பீன்ஸ் விதையை, குறிப்பாகச் சிவப்பு வகையை, மென்றால் கடுமையான வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும். எத்தனை விதை கொடுத்தீர்களோ அத்தனையும் மண்ணுக்குள் போனதா என்று எண்ணிவிடுங்கள். தக்காளிச் செடியின் இலையும் உருளைக்கிழங்குச் செடியின் பச்சைப் பாகங்களும் தின்னக் கூடாதவை. கேட்காமல் செடியில் இருந்து எதையும் வாயில் போடக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்கிவிடுங்கள். தண்ணீர் வாளியை நிரப்பி வைத்துவிட்டு நகராதீர்கள். தவழும் குழந்தை மூழ்குவதற்கு நாலு விரல் தண்ணீர் போதும். குட்டிப் பூவாளியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வாளியைக் கவிழ்த்துவிடுவது என் பழக்கம்.

கூடை வந்த நாள்

கூடையைத் தரையில், ஒரு துணியின் மேல் கொட்டுங்கள். பத்து நிமிடம் சும்மா இருங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். உருட்டுவார்கள், தட்டுவார்கள், காதில் வைத்துப் பார்ப்பார்கள், ஒருவர் நிச்சயம் நக்குவார். அதனால் கொட்டுவதற்கு முன் ஒருமுறை ஓடும் தண்ணீரில் அலசிவிடுங்கள். அலசும்போது கொஞ்சம் மண் ஒட்டியிருந்தால், அந்த ஒரு காயை மட்டும் தனியாக எடுத்துக் காட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள்.

அப்புறம் வேலை. வயதுக் கலவைதான் வீட்டுக் காப்பகத்தின் தலைவலி, அதுவே இங்கே வசதியாகிறது. பத்து மாதக் குழந்தைக்குத் தன் கையைவிடப் பெரிய முழுக் காய் ஒன்று, பிடித்துப் பார்க்க. கடித்து எடுக்க முடியாததாக இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றரை வயதுக்கு இலையைக் கிழிப்பது, கிண்ணத்தில் போடுவது, திரும்பக் கொட்டுவது. இரண்டரை வயதுக்குத் தண்ணீரில் அலசுவது. மூன்று வயதுக்குப் பீன்ஸை உடைப்பது. அந்த 'டக்' என்ற சத்தத்துக்காகவே ஒரு கூடையையும் காலி செய்வார்கள். நாலைந்து வயதுக்காரர்கள் பட்டாணி உரிப்பார்கள், எண்ணுவார்கள், வெந்த மிருதுவான காயைக் கூர்மையில்லாத கத்தியால் நறுக்குவார்கள். பெரியவர்கள் செய்வதைச் சின்னவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதி பாடம் அதிலேயே நடந்துவிடும்.

பேசும்போது 'நல்லது', 'சத்து', 'உடம்புக்கு வலு' என்ற சொற்களை விட்டுவிடுகிறேன். சொரசொரப்பு, வழுவழுப்பு, ஜில்லென்று, மண் வாசனை, உள்ளே என்ன நிறம், உடைத்தால் என்ன சத்தம் என்பதைத்தான் கேட்கிறேன். மூன்று வயதுக்குச் சத்து என்றால் என்ன தெரியும்?

நறுக்கும் விதம் உயிர் விஷயம்

இதில் மட்டும் நான் கறார். நாலு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு உருண்டையும் கெட்டியும் ஆபத்து. திராட்சை, குட்டித் தக்காளி போன்றவற்றைக் குறுக்கே வெட்டினால் போதாது, நீளவாக்கில் நாலாகக் கீற வேண்டும். பச்சைக் கேரட் துண்டு வேண்டாம். துருவிக் கொடுங்கள், அல்லது இரண்டு விரலுக்கு நடுவில் நசுங்கும்வரை வேகவையுங்கள். வெந்த பட்டாணியை ஒரு வயதுக்காரர்களுக்கு நசுக்கிவிடுங்கள். முழுக் கொட்டைப் பருப்புகள் கிடையாது. ஐந்து வயதுவரை முளைகட்டிய பயறைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். முளைக்க வைக்கும் ஈரமும் சூடும் கிருமிக்கும் சௌகரியம். நன்றாக வேகவைத்தால் பயமில்லை.

சாப்பிடும்போது உட்கார்ந்திருக்க வேண்டும், நீங்களும் கூடவே உட்கார வேண்டும். ஓடிக்கொண்டே தின்பது என் வீட்டில் கிடையாது. ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்குப் புதுக் காயைப் பெற்றோர் வீட்டில் முதலில் கொடுத்துப் பார்த்தபின்தான் நான் கொடுப்பேன். ஒவ்வாமை ஏதாவது வந்தால் முதல் தடவை பெற்றோர் பக்கத்தில் இருப்பது நல்லது.

மேசையில் வாயை மூடிக்கொள்வது

நான் கற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

குழந்தைகளின் சாப்பாட்டு விருப்பங்களைப் பற்றி லியன் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் செய்த சோதனைகள் எனக்கு உதவின. 1982-இல் வெளியான ஆய்வில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புது உணவுகளை, ஒன்றைச் சில தடவை, இன்னொன்றைப் பல தடவை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக தடவை ருசி பார்த்ததையே அதிகம் விரும்பினார்கள். 1984-இல் வந்த இன்னொன்று, சாப்பிட்டதற்குப் பரிசு கொடுத்தால் அந்த உணவின் மேல் பிடித்தம் குறைகிறது என்று காட்டியது. "இதைச் சாப்பிட்டால் அதைத் தருவேன்" என்றவுடன் குழந்தை கணக்குப் போட்டுவிடுகிறது: லஞ்சம் கொடுத்துத் தின்ன வைக்கிறார்கள் என்றால் அது நல்லதாக இருக்க முடியாது! 1987 ஆய்வு என் கொள்கைக்கே ஒரு குட்டு வைத்தது. வெறுமனே பார்ப்பதால் ருசி பிடிப்பதில்லை, நாக்கில் பட்டால்தான் பிடிக்கிறது என்றது அது. ஆக, உடைப்பதும் கழுவுவதும் தயக்கத்தைத் தளர்த்தும் வேலை. கடைசியில் ஒரு நுனியாவது வாய்க்குள் போக வேண்டும். எப்போது என்பதைத்தான் குழந்தைக்கு விட்டுவிடுகிறோம்.

நான் செய்வது இது. என்ன, எப்போது, எங்கே என்பது என் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. புதுக் காய் எப்போதும் பழகிய உணவோடுதான் வரும், தனியாக வராது. தட்டில் வைப்பது ஒரே ஒரு துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. அல்லது நடுவில் ஒரு கிண்ணம் வைத்து அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்வது. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சிறு துணி: பிடிக்கவில்லை என்றால் அதில் துப்பலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். துப்பலாம் என்று தெரிந்த பிறகுதான் பலர் வாயில் போட்டே பார்த்தார்கள். தின்றவரைப் பாராட்டுவதும் இல்லை, தின்னாதவரைப் பார்ப்பதும் இல்லை. நான் என் பங்கைச் சாப்பிட்டுக்கொண்டு வேறு கதை பேசுவேன்.

ஒரு காயை எட்டிலிருந்து பதினைந்து தடவையாவது மேசைக்குக் கொண்டுவராமல் "இவளுக்குப் பிடிக்காது" என்ற முடிவுக்கு வராதீர்கள். தினமும் அதே உருவில் வேண்டாம். ஒருநாள் நீளமாக, ஒருநாள் துருவி, ஒருநாள் வறுத்து, ஒருநாள் மசித்து. பெரும்பாலும் மூன்றாவது, நாலாவது தடவையிலேயே விட்டுவிடத் தோன்றும். நாள்காட்டியில் ஒரு கோடு போட்டு வையுங்கள், நாம் நினைப்பதைவிடக் குறைந்த தடவைதான் வைத்திருப்போம்.

சேர்ந்து உட்காரும் கூட்டமும் உதவும். பக்கத்துப் பிள்ளை கடிப்பதைப் பார்ப்பது, நம்முடைய நூறு சொல்லுக்குச் சமம். எனவே விரும்பித் தின்னும் பெரிய குழந்தையைத் தயங்கும் குழந்தைக்கு எதிரில் உட்கார வையுங்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

வயலுக்குப் போவது

இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காயோடு பழகிய பிறகு போனால்தான் செடியைப் பார்த்ததும் "இது நம்ம பீன்ஸ்!" என்று கத்துவார்கள். ஒரு மணி நேரம் போதும். நீங்கள் முன்னாலேயே ஒருமுறை தனியாகப் போய், கிணறு, தொட்டி, இயந்திரம், மருந்து வைக்கும் இடம், கழிவறை எங்கே என்று பார்த்து வந்துவிடுங்கள். குழந்தைகள் எண்ணிக்கையைப் பொறுத்துத் துணைக்குப் பெற்றோர் ஓரிருவரைக் கூப்பிடுங்கள். ஆளுக்கு ஒரு காய் தன் கையால் பறித்தால் போதும், சுற்றிக் காட்டும் விளக்கவுரை எல்லாம் அவர்கள் தலைக்கு மேலே போகும்.

ஆடு மாடு கோழி இருந்தால் தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கையில் தடவிக்கொள்ளும் கிருமிநாசினி மட்டும் போதாது. போன இடத்தில் பாசத்தோடு அப்போது கறந்த பாலையோ தேனையோ நீட்டுவார்கள். காய்ச்சாத பால் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. "வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சிக் கொடுக்கிறேன்" என்று பாலை வாங்கிக்கொண்டால் யார் மனமும் நோகாது.

பெற்றோரிடம் அதிகம் சொல்ல வேண்டாம். இந்த மாதம் எந்தக் காய், இன்று என்ன செய்தான், அவ்வளவுதான். "இன்று பீன்ஸ் சாப்பிட்டான்" என்று மட்டும் செய்தி அனுப்பாதீர்கள். நான் ஒருமுறை அனுப்பினேன். அன்று இரவே அந்த வீட்டில் ஒரு கிண்ணம் நிறைய பீன்ஸை வைத்துக் கெஞ்சியிருக்கிறார்கள். இரண்டு வாரம் அவன் என் மேசையிலும் அதைத் தொடவில்லை. இப்போது "இன்று நாற்பது பீன்ஸ் உடைத்தான்" என்று எழுதுகிறேன்.

மாதம் முடிந்ததும் அடுத்த காய்க்குப் போகலாம், பழையதை இடையிடையே கொண்டுவந்துகொண்டே. பீன்ஸ் வைத்திருந்தால் ஒரு காயை மட்டும் பறிக்காமல் செடியிலேயே விடுங்கள். மஞ்சளாகி, காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும்வரை விடுங்கள். அந்த நெற்றை உடைத்து விதையை ஒரு காகித உறையில் போட்டு, யாராவது ஒரு குழந்தையிடம் கொடுத்து உயரமான அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். தூக்கிப் பிடிக்க வேண்டியது நீங்கள்.